ஓடும்போது மயங்கிய பிள்ளை

இல்ல மெய்வல்லுனர் போட்டிகள் தொடங்கும் காலத்தில் எங்கள் இருதய கிளினிக்கிற்குப் பாடசாலைப் பிள்ளைகளும் வருவார்கள். “காலமை சாப்பிடேல்லை மிஸ், வெயிலுக்குள்ள விழுந்திட்டான்” என்பார் தாய். நின்றபோது விழுந்தானா, ஓடும்போதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். காலைப் பிரார்த்தனையில் நின்று மயங்குவது பெரும்பாலும் பயப்படும் விஷயமல்ல. ஓட்டத்தின் நடுவே மயங்கினால் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் பார்க்காமல் விடக்கூடாது.

அப்படி மயங்குவதற்கு ஒரு காரணமான, இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. தாய்க்கோ தகப்பனுக்கோ அதற்கான மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 வீத வாய்ப்பு. அதனால் அடுத்த கேள்வி: “உங்கட குடும்பத்தில ஆரும் இளவயதில திடீரெண்டு செத்தவையோ?”

உடனே “இல்லை” என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், கிணற்றடியில் விழுந்து இறந்த சித்தப்பா பேச்சில் வருவார். பேய் அடித்ததென்று ஊர் முடிவுகட்டியிருக்கும். ஒரு தாய் என் முன்னாலேயே கனடாவில் இருக்கும் தமையனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தார். அவருக்கு இதயத்துக்காக நெஞ்சில் மெஷின் வைத்துப் பல காலமாம். மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று ஊருக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. அந்த ஒரு சொல் தங்கையின் மகனை முன்பே எக்கோவுக்குக் கொண்டுவந்திருக்கும்.

நோய் உறுதியானால் முன்பெல்லாம் “இனி விளையாடாதே” என்பதோடு முடிந்துவிடும். 2023இல் வெளிவந்த, 1,600க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மிதமாகச் செய்தவர்களைவிட ஆபத்து கூடவில்லை. 2024 அமெரிக்க வழிகாட்டி, மிதமான உடற்பயிற்சியை நல்லது என்றே சொல்கிறது. நிபுணர் முழுமையாகப் பார்த்து, குடும்பத்தோடு பேசித் தீர்மானித்தால், போட்டி விளையாட்டுக்கும் அது கதவை அடைக்கவில்லை. ஆனால் இதயத்தின் வலது பக்கத் தசையில் கொழுப்பும் தழும்பும் படரும் இன்னொரு பரம்பரை நோய் உண்டு. அதில் நீண்டதூர ஓட்டம் நோயையே வளர்க்கும். ஆகவே எந்த நோய் என்று தெரியாமல் ஓடச் சொல்வதும் பிழை, மைதான ஓரத்தில் பிள்ளையை வெறுமனே இருத்திவைப்பதும் பிழை.

அந்தத் தாயிடம் மகனின் தங்கச்சியையும் கூட்டிவரச் சொன்னேன். “அவளுக்கு ஒண்டும் இல்லையே மிஸ்” என்றார். இன்றைக்கு எக்கோ சரியாக இருந்தாலும், வளரும் பிள்ளை என்றபடியால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும் என்று விளக்கி, கிளினிக் கொப்பியில் அவளுக்கும் திகதி எழுதிக் கொடுத்தேன்.