சீமைக் கருவேலம் குடிக்கும் நீர்: கண்மாய்க்கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2024, முதுகுளத்தூர் வட்டாரம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும் இந்த நேரம்தான் கருவி பொருத்த ஏற்றது. கோடை மழை வரும்வரை மரம் குடிப்பதெல்லாம் ஒன்று மண்ணில் மிஞ்சிய ஈரம், இல்லையென்றால் அடியிலுள்ள நிலத்தடி நீர். இரண்டில் எது, எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் "சீமைக் கருவேலத்தை எடுத்தால் கிணறு ஊறுமா" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டதிலிருந்து ஊருக்கு ஊர் கேட்கப்படும் கேள்வி இது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது என்ற பேச்சை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இலை காற்றுக்குள் நீராவியை விடுகிறது. வேர் எங்கிருந்து எடுக்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

பிப்ரவரி 11

சாறு ஓட்டத்தை அளக்க, பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்த்ரே கிரானியே 1985-இல் வகுத்த முறை. 2 செ.மீ. நீளம், அலுமினியக் குழலோடு சேர்த்து 2 மி.மீ. தடிமன் கொண்ட இரண்டு ஊசிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக, 10 செ.மீ. இடைவெளிக்குக் குறையாமல் தண்டில் செருக வேண்டும். மேல் ஊசியில் 0.2 வாட் சூடு ஓயாமல் ஓடும், கீழ் ஊசியில் சூடு கிடையாது. சாறு ஏறும்போது சூட்டை அள்ளிக்கொண்டு போவதால் இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையும். அந்தக் குறைவுதான் அளவு.

மின்சாரக் கணக்கு: சூடேற்றும் சுருள் 13 ஓம். மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் எல்எம்317 சில்லுடன் 10 ஓம் மின்தடை போட்டால் 0.125 ஆம்பியர் நிலையாக ஓடும், ஊசிக்கு 0.2 வாட் கிடைத்துவிடும். நான்கு ஊசிகளைத் தொடராக இணைத்தால் 6.5 வோல்ட் போதும், ஒரு நாளைக்கு 3 ஆம்பியர்-மணி செலவு. பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில்லால் மின்னோட்டத்தை நிலையாகப் பிடிக்க முடியாது, சூடு குறைந்துவிடும். அப்போது மரம் அதிகம் குடிப்பதுபோல ஒரு பொய் வளைவு விழும். அதனால் பேட்டரி வோல்ட்டேஜையும் அளவுகளைத் தானே பதியும் டேட்டா லாகரில் ஒரு வரிசையாகப் பதிய வேண்டும்.

பொருத்தும் முறை: பட்டையை மட்டும் சீவி, 2 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளையிட வேண்டும். பிட் சூடேறினால் துளையைச் சுற்றிய திசு கருகிவிடும். அலுமினியக் குழலை இறுக்கமாகச் செருகி, வெப்பம் கடத்தும் பசை தடவிய ஊசியை அதற்குள் விட வேண்டும். பிப்ரவரியில் வெயில் நேரே படாத வடக்குப் பக்கம், தரையிலிருந்து மார்பளவு உயரம். மேலே தெர்மாகோல், அதன்மேல் அலுமினியத் தாள். கம்பிகளை பிவிசி குழாய்க்குள் விடாவிட்டால் அணில் மென்றுவிடும்.

பிப்ரவரி 20

தவறு அதிகம் நுழையும் இடம் இதுதான், நிதானமாக எழுதுகிறேன்.

சாறு ஏறுவது வெளிறில், அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தில். நடுவிலுள்ள வைரத்தில் ஓட்டம் இல்லை. சீமைக் கருவேலத்தின் வெளிறு மெல்லியது, மஞ்சள். வைரம் செம்பழுப்பு. 2 செ.மீ. ஊசி வெளிறைத் தாண்டி வைரத்துக்குள் போய்விடுகிறது. கரிமூட்டத்துக்கு வெட்டிய தண்டுகள் இந்தப் பக்கம் ஏராளம். புதிதாக வெட்டிய முகத்தில் நிற வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், நான்கு பக்கமும் அளந்து சராசரி எடுக்கலாம். காய்ந்த முகத்தில் அளக்கக் கூடாது, மஞ்சள் மங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, பட்டை நீங்கலாக 12 செ.மீ. விட்டமுள்ள தண்டு, வெளிறு 1.2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரவில் வெப்ப வித்தியாசம் 10 டிகிரி, மதியம் 8 டிகிரி. திருத்தம் இல்லாமல் போட்டால் K, அதாவது இரவு வித்தியாசத்திலிருந்து குறைந்ததற்கும் இப்போதைய வித்தியாசத்துக்கும் உள்ள விகிதம், (10−8)/8 = 0.25. வேகம் 42.84 × K^1.231, அதாவது மணிக்கு 7.8 செ.மீ. ஆனால் ஊசியின் 60 சதவீதம்தான் வெளிறில் இருக்கிறது. மீதி 40 சதவீதம் ஓட்டமில்லாத வைரத்தில் 10 டிகிரியிலேயே நிற்கிறது. அதைக் கழித்தால் வெளிறில் உண்மையான வித்தியாசம் (8 − 0.4×10)/0.6 = 6.67. இப்போது K 0.5, வேகம் மணிக்கு 18.3 செ.மீ. இரண்டு மடங்குக்கும் மேல்! வெளிறின் பரப்பு 40.7 சதுர செ.மீ. ஆகவே மணிக்கு சுமார் 0.74 லிட்டர். திருத்தாமல், ஊசி நீளம் முழுக்க வெளிறு என்று கொண்டால் 0.49 லிட்டர்தான் வரும். வெளிறின் தடிமனைச் சொல்லாமல் "ஒரு மரம் இத்தனை லிட்டர்" என்று வரும் எந்தக் கணக்கையும் நான் ஏற்பதில்லை.

மார்ச் 6

மேலே சொன்ன "இரவில் 10 டிகிரி" என்பது ஓட்டம் பூஜ்யம் என்ற அனுமானம். காற்று வறண்டு, வீசிக்கொண்டும் இருந்தால் இரவிலும் இலைத்துளை முழுதாக மூடாது; பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. விடியற்காலையில் பனி இறங்கி, காற்று அடங்கிய இரவுகளை மட்டும் பூஜ்யத்துக்கு எடுத்து, இடைப்பட்ட நாட்களுக்கு அவற்றை இணைத்துக் கோடு போடுகிறோம். கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே அப்படிப்பட்ட இரவுகள் கிடைக்கின்றன.

மார்ச் 27

நிலத்தடி நீரைப் பார்க்க மண்ணில் இறக்கிய கண்காணிப்புக் குழாயில் நீர்மட்டம். 1932-இல் வால்டர் வைட், அமெரிக்காவின் யூட்டாவில் எஸ்கலான்டே பள்ளத்தாக்கை ஆராய்ந்து வெளியிட்ட முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. வேர் நிலத்தடி நீரைத் தொட்டால் பகலில் மட்டம் இறங்கும், இரவில் பக்கத்து நீர் வந்து ஏறும். நள்ளிரவு முதல் காலை 4 மணி வரை ஏறும் வேகம் r, 24 மணி நேரத்தில் நிகர இறக்கம் s. மரம் எடுத்தது = (24r + s) × மண்ணின் நீர்விடு திறன் (நிறைந்த மண் வடியும்போது அதன் கன அளவில் எத்தனை பங்கு நீராக வெளியேறுகிறது என்பது).

r மணிக்கு 0.5 செ.மீ., s 1 செ.மீ. என்றால் 13 செ.மீ. நீர்விடு திறன் 0.05 என்றால் 6.5 மி.மீ., 0.02 என்றால் 2.6 மி.மீ. கரிசலில் இந்த ஒரு எண்தான் முடிவை ஆட்டி வைக்கிறது. புத்தக அட்டவணையில் இருந்து எடுக்காமல், மட்டம் ஏறி இறங்கும் ஆழத்து மண்ணையே குழாயில் அள்ளி, நீரில் ஊறவைத்து, வடியவிட்டு எடை போட வேண்டும்.

இரண்டு பொய்கள் உண்டு. ஒன்று காற்றழுத்தம். வெப்பமண்டலத்தில் அழுத்தம் காலை 10, இரவு 10 மணிவாக்கில் உச்சம், 4 மணிகளில் பள்ளம். ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் வெளிக்காற்றோடு தொடர்பில்லாத மூடிய உணரியில் ஒரு செ.மீ. நீர் மாறியதாகக் காட்டும். நாளுக்கு இரண்டு மேடு தெரிந்தால் அது மரம் இல்லை, காற்று. தனியாக ஒரு பாரோமீட்டரை வெளியே தொங்கவிட்டுக் கழிக்க வேண்டும். இன்னொன்று பக்கத்து மோட்டார். மும்முனை மின்சாரம் வரும் நேரமும் மட்டம் இறங்கும் நேரமும் ஒத்துப்போனால் அந்த நாட்களை விட்டுவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 15

மரம் எந்த ஆழத்து நீரைக் குடிக்கிறது என்று அறிய, தண்டு நீரையும் மண் நீரையும் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) வைத்து ஒப்பிட மாதிரி எடுப்பு. பச்சையாக இல்லாத, பட்டை முற்றிய குச்சி மட்டும். வெட்டியவுடன் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடி, ஆவி போகாதபடி பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாள் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் இதே இனக்குடும்பத்து மரத்தில் வேர் நீரை எடுக்கும்போதே டியூட்டீரியம் பிரிவது தெரிந்திருக்கிறது.

அரிசோனா என்றதும் எல்லோரும் சொல்வது, டூசான் அருகே சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்ட வேர். அது அந்த மண்ணின் கதை. இங்கே உவர்நீரும் இறுகிய களியும் வேரை எங்கே நிறுத்துகின்றன என்று இங்கேதான் பார்க்க வேண்டும்.

மே 18

கோடை மழை. மேல்மண் நனைந்ததும் பக்கவேர்கள் குடிக்கத் தொடங்கும். ஆணிவேரில் ஓட்டம் கீழ்நோக்கித் திரும்பி, ஆழத்தில் நீரை இறக்கி வைக்கவும் கூடும். கிரானியே ஊசி இந்தத் திருப்பத்தைக் காட்டாது. ஆணிவேரில் வெப்பத் துடிப்பு விகித முறை ஊசிகள்: நடுவில் சூடு, மேலும் கீழும் 0.6 செ.மீ.யில் உணரிகள். எந்தப் பக்கம் அதிகம் சூடாகிறதோ அந்தப் பக்கம் ஓட்டம். கரிசல் வெடிப்பு வழியாக மழைநீர் நேரே அடியில் போவதும் உண்டு. அதனால் ஆழமண் ஈரம் ஏறியதை மட்டும் வைத்து வேரின் வேலை என்று எழுதக் கூடாது, ஊசியும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மே 30

பிசின் வடிந்து துளைகள் அடைபடத் தொடங்கியிருக்கின்றன. அடுத்த பருவத்துக்கு எல்லா ஊசிகளும் புதுத் துளைக்கு மாற வேண்டும். ஒரு பாத்தியில் மரங்களை வேரோடு தோண்டி எடுக்கப்போகிறோம். அடிக்கட்டையை விட்டால் தளிர்த்து மறுபடி குடிக்கும், ஒப்பீடு கெட்டுவிடும். பக்கத்துப் பாத்தி அப்படியே நிற்கும். இரண்டு குழாய்களிலும் நீர்மட்டம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த பருவமழை முடிந்து மண் காயும்வரை பதிவாகும்.