சாட்ஸ்வர்த் கூடமும் ஒரு வக்கீல் கடிதமும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு கலைக்கூடத்தை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தி வருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது, எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. சாயங்காலமும் சனி ஞாயிறும்தான் கூடம். முன்பு மரச்சாமான் குடோனாக இருந்த இடம், மேலே தகரக் கூரை, மழை பிடித்தால் மிருதங்கச் சத்தமே கேட்காது. பிள்ளைகளுக்கு நாடகம், பாட்டு, கோயில் திருவிழாக்களுக்கான கூத்துப் பயிற்சி எல்லாம் அங்கேதான். தெருக்கூத்தை இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். 1860இலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தது. நான் விழுப்புரம் பக்கத்து ஆள், கூத்து பார்த்து வளர்ந்தவன். இங்கே ஓர் அம்மன் கோயிலில், தமிழில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசத் தெரியாத ஒரு பையன் திரௌபதி வேஷம் கட்டி விடிய விடியத் தமிழில் பாடியதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலைக்குள் வந்தேன்.

இந்த மாதிரி இடம் நடத்த நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சட்டச் சிக்கலைப் பற்றித்தான். அது வந்தது, உண்மை. ஆனால் சட்டத்தில் என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் கேட்கிறார்கள் என்று காகிதத்தில் எழுதியிருக்கும். ஊர்ப் பேச்சுக்கு அது கிடையாது. எங்களை அதிகம் உலுக்கியது ஊர்ப் பேச்சுதான்.

முதலில் வந்தது கட்டடம் பற்றிய நோட்டீஸ். சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். பார்க்க வந்த அதிகாரி சத்தத்தை விட்டுவிட்டு, இது சேமிப்புக் கிடங்குக்கு அனுமதி பெற்ற இடம், ஆட்கள் கூடுவதற்குத் தனி அனுமதி வேண்டும், பின்பக்கம் வெளியே போக வழி இல்லை, இருக்கிற ஒரே கதவும் உள்பக்கமாகத் திறக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களில் சிலருக்குக் கோபம். சேவை செய்கிற இடத்தில் கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொன்னது எங்கள் பொருளாளர் ஆன்ட்டி. 2000 மார்ச் 24 அன்று இதே சாட்ஸ்வர்த்தில் ஒரு நைட் கிளப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் நேரப் பார்ட்டி நடந்தபோது யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டை வெடிக்க வைத்தார்கள், வெளியே ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் செத்துப் போனார்கள். மண்டேலா நேரில் வந்தார், பிறகு அவர் முயற்சியில் இளைஞர்களுக்கென்று ஒரு மையம் வந்தது. இந்த ஊரில் அந்த நாளை மறந்த வீடு கிடையாது. ஆன்ட்டி அதிகம் பேசவில்லை. “அந்தப் பிள்ளைங்க வயசுதான் நம்ம பிள்ளைங்களுக்கும்” என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரமே வெல்டிங் தெரிந்த ஒரு தம்பி பின்சுவரை உடைத்து இரும்புக் கதவு வைத்துக் கொடுத்தார். வெளிப்பக்கம் திறக்கும், உள்ளே பூட்டு கிடையாது, தள்ளினால் போதும். தனி அனுமதிக்கு மனு, வரைபடம், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு எல்லாம் மெதுவாக நடந்துகொண்டிருந்தன. புகார் கொடுத்தவரையும் போய்ப் பார்த்தோம். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. பறையை மாலை ஆறு மணியோடு நிறுத்துவது என்று முடிவானது.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய சிக்கல்.

சாட்ஸ்வர்த்தைத் தெரிந்தவர்களுக்கு ‘சுகர்ஸ்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். மட்டமான ஹெராயினில் எதையெதையோ கலந்து விற்கிற சரக்கு, 2000களின் நடுவிலிருந்து இந்த ஊர்ப் பையன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு நாடகம் போடலாம் என்று எங்கள் இளைஞர்கள்தான் கேட்டார்கள். கூத்து வடிவத்தில், கட்டியக்காரன் வந்து கதை சொல்ல, பாட்டில் தமிழும் பேச்சில் ஆங்கிலமும் சூலு மக்களின் மொழியான இசிசூலுவும் கலந்து. எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகளை இதற்குப் பறிகொடுத்த தாய்மார்களைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசினோம். வாசல் கதவைச் சாத்திவிட்டு, டீ போட்டு வைத்துவிட்டு, அவர்கள் பேசப் பேசக் கேட்டோம். ஓர் அக்கா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. வீட்டில் காஸ் சிலிண்டர், மிக்சி, டிவி எல்லாம் ஒவ்வொன்றாகப் போன பிறகு, ஒருநாள் குத்துவிளக்கும் போயிருந்தது. அதுவரை போலீசுக்குப் போகாதவர் அன்றைக்கு மகன் மேல் புகார் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். ஸ்டேஷன் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, விளக்கு இருந்த இடத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டாராம். அந்த டம்ளர் நாடகத்தில் வந்தது. பெயர் எதுவும் வெளியே போகாது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில்கூட ‘தாய்மார்களுடன் சந்திப்பு’ என்று மட்டும்தான் எழுதினோம், வருகைப் பதிவு எடுக்கவில்லை.

நாடகம் சில பள்ளி மண்டபங்களில் நடந்தது, கூட்டம் நன்றாக வந்தது. அப்புறம் ஒரு வக்கீல் கடிதம். சரக்கு விற்கிறவனாக வரும் பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது, அவன் சட்டையும் காரும் பேச்சும் தன்னுடையவை, ஊரில் தலைகாட்ட முடியவில்லை, நாடகத்தை நிறுத்தி மன்னிப்புக் கேட்க வேண்டும், பணமும் தர வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரை எங்களில் பலருக்கு முகம்கூடத் தெரியாது.

இந்த நாட்டு அவதூறுச் சட்டத்தைப் பற்றி நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். உண்மையைத்தான் சொன்னோம் என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுமக்களுக்கு நன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால், பார்க்கிற சாதாரண ஆள் ஒருவர் இது இன்னார்தான் என்று அடையாளம் கண்டுகொள்வாரா என்ற கேள்வி இருக்கிறது. எங்களுக்கு உதவிய ஓய்வு பெற்ற அட்டர்னி முதலில் கேட்டது வேறு: “நீங்கள் எப்படிப் பதிவு செய்திருக்கிறீர்கள்?” 1997ஆம் ஆண்டின் லாப நோக்கமற்ற அமைப்புகள் சட்டத்தின்படி பதிவு செய்திருந்தோம். அந்தப் பதிவுக்கு அமைப்பின் சாசனத்தில், இது உறுப்பினர்களிலிருந்து வேறான தனிச் சட்ட உரு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தோம். அதனால் கடிதம் கூடத்தின் பேரில் வந்தது, பொருளாளர் ஆன்ட்டியின் வீட்டின் மேல் வரவில்லை. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்பதையும் விடாமல் செய்து வந்தோம். இதெல்லாம் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தன்னார்வலர்கள் நடத்துகிற எந்த இடமும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். ஓர் ஓய்வூதியக்காரர் தன் சேமிப்புக்குப் பயந்து விலக வேண்டிய நிலை வந்தால் அப்புறம் கூடத்துக்கு யார் வருவார்கள்?

பாத்திரத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டினால் சிக்கல் தீரும் என்றார் அட்டர்னி. எங்களிடம் இருந்ததிலேயே வலுவான சாட்சி அந்தத் தாய்மார்கள்தான். கார், சட்டை, பேச்சு எல்லாம் ஐந்தாறு பேர் சொன்ன ஐந்தாறு ஆட்களிடமிருந்து வந்தவை. அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஆனால் கையெழுத்துப் போட்டால் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர்கள் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள், சிலருடைய பிள்ளைகள் இன்னும் அந்தச் சரக்கைத்தான் வாங்குகிறார்கள். கமிட்டிக் கூட்டம் நள்ளிரவு வரை போனது. கூடம் மூடிப்போனால் யாருக்கு லாபம், அந்த அக்காக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் என்ன தவறு என்றது ஒரு பக்கம். கேட்பதே தவறு, கேட்டால் நன்றிக்காக ஒப்புக்கொள்வார்கள் என்றது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். நம்மை நம்பிப் பேசியவர்களை வைத்து நம்மைக் காப்பாற்றிக்கொள்வதாக இருந்தால் அந்த இடம் இருந்து என்ன? கேட்பதில்லை என்று முடிவாயிற்று. ஒருவர் அன்றைக்கே ராஜினாமா கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் கூடத்தின் மேல் இருந்த அக்கறையில்தான் பேசினார்.

அட்டர்னி எழுதிய பதில் ஒரு பக்கம்தான். பாத்திரம் கற்பனை, பலருடைய சாயல் கலந்தது, உங்கள் கட்சிக்காரரை எங்களுக்குத் தெரியாது, அவரைத்தான் குறிக்கிறது என்று யார் எதை வைத்து நினைத்தார்கள் என்று தெரிவியுங்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகை விஷயத்தைப் பிடித்தது. நாடகத்துக்கு யார் தகவல் கொடுத்தார்கள் என்று நிருபர் கேட்டார், சொல்ல மறுத்தோம். செய்தியில் அந்த மறுப்பு மூடிமறைப்பது போல வந்தது, கூடவே கூடத்தின் நன்கொடைப் பணத்தைப் பற்றியும் ஒரு கேள்வி. பணத்தைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. மறுநாளே அது வாட்ஸ்அப்பில் பரவியது. அதில் கதை வளர்ந்தது: கூடத்திலேயே சரக்கு ஓடுகிறது, போலீஸ் சீல் வைத்துவிட்டது, இப்படி. சனிக்கிழமை பாட்டு வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். இரண்டு தாய்மார்கள் வாசலில் நின்று, பிள்ளைகளின் சலங்கைகளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். இசிசூலு பேசுகிற பையன்கள்தான் ஒருவர்கூட விடாமல் வந்தார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம், “அங்கிள், எங்களைப் பற்றி இதைவிட மோசமாக எழுதியிருக்கிறார்கள்” என்றான்.

வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே தீர்மானித்தோம். இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில், தான் எழுதாத ஃபேஸ்புக் பதிவில் தன் பெயர் டேக் ஆகியிருப்பது தெரிந்தும் விலகிக்கொள்ளாமல் இருந்த ஒருவரை 2013இல் ஒரு நீதிமன்றம் அவதூறுக்குப் பொறுப்பாக்கியிருக்கிறது. கோபத்தில் எங்கள் பையன் ஒருவன் போடுகிற ஒரு வரி எங்களை இரண்டாவது வழக்கில் மாட்டிவிடலாம். அதனால் பேசுவது ஒருவர் மட்டும், பேசுவதும் எழுத்தில் மட்டும். பத்திரிகை மேல் பிரஸ் கவுன்சிலில் புகார் கொடுத்தோம். செய்தி வந்து 20 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. பணத்தைப் பற்றி எழுதும் முன் எங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்ற ஒரே புள்ளியில் நின்றோம். கடைசியில் திருத்தம் வந்தது, உள்பக்கத்தில், சின்னதாக. அதை வெட்டி வாசலில் ஒட்டினோம்.

என்னைக் கேட்டால் அந்தத் திருத்தத்தைவிட ஆன்ட்டி செய்ததுதான் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வங்கி ஸ்டேட்மென்ட், ரசீதுக் கட்டு, குறிப்பேடு எல்லாவற்றையும் பரப்பி வைத்து, சனிக்கிழமைதோறும் அங்கேயே உட்கார்ந்தார். பெயிண்டுக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைப் பட்டியலிடும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று ஃபார்ம் 30 கொடுத்துச் சரிபார்த்த கடிதங்களும் ஒரு ஃபைலில் இருந்தன. முதல் வாரம் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒரு பாட்டி வந்து ரசீதுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, எண்ணெய் விலை உங்களுக்கு ஏமாற்றிப் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் பேத்தியைக் கூட்டி வந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு மூத்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியது எனக்குப் பெரிய தெம்பு. 1970களில் டர்பனின் நாடகக்காரர்கள் சிலர் நிறவெறி ஆட்சியை எதிர்த்த கறுப்பு உணர்வு இயக்கத்தில் இருந்தார்கள், ஸ்ட்ரினி மூட்லி போன்றவர்கள் மேல் பயங்கரவாதச் சட்டத்தில் நடந்த வழக்கில் நாடகங்களையும் கவிதைகளையுமே குற்றத்துக்கு ஆதாரமாகக் கொண்டுவந்தார்கள், மூட்லி ராபன் தீவுச் சிறைக்குப் போனார். இன்றைய அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவில் கலைப் படைப்புச் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறது, 6ஆம் பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழும் இருக்கிறது. “அவர்கள் ஜெயிலுக்குப் போய் வாங்கிக் கொடுத்ததை நாம் ஒரு கடிதத்துக்குப் பயந்து விடுவதா?” என்றார் அவர். அந்தச் சுதந்திரம் இன்னொருவர் பெயரைக் கெடுக்கத் தந்தது இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஒத்திகையிலும் உட்கார்ந்து, யாரையாவது குறிப்பதாகத் தோன்றுகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தவரும் அவர்தான்.

வக்கீல் கடிதத்துக்கு மேல் எதுவும் வரவில்லை. இப்படிப்பட்ட கோரிக்கை காலாவதியாக மூன்று வருஷம் ஆகும், அதுவரை அந்த ஃபைல் பத்திரமாக இருக்கும். நாடகம் நடந்துகொண்டிருக்கிறது, டம்ளரும் அப்படியே வருகிறது. தாய்மார்களோடு உட்காரும்போது இப்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம்: நாளைக்கு வழக்கே வந்தாலும் உங்களைத் தேடி வரமாட்டோம். அப்படிச் சொன்ன பிறகு முன்பைவிட அதிகம் பேசுகிறார்கள்.

கட்டட அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் குடோன் உரிமையாளர் வாடகையைக் கூட்டிக் கேட்கிறார், ராஜினாமா கொடுத்துப் போனவரே அவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறோம்.