அம்மாவோடு கெப்போங் காட்டில்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

போன மாதம் கெப்போங் ஃப்ரிம் (மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம்) காட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் அதே பேச்சு. பக்கத்து ஊரான ரவாங்கில் இருந்துகொண்டு இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவர்களுக்கெல்லாம் இப்போது ஆசை வந்துவிட்டது, என்னையும் சேர்த்துத்தான். அம்மாவைக் கூப்பிட்டேன். "காலமெல்லாம் மரத்தடியிலதானே நின்னேன், இன்னும் என்னடா மரம்?" என்றார். வழியில் நாசி லெமாக் சாப்பிடலாம் என்றதும் செருப்பைத் தேடினார். மழை வந்து கெடுத்தது. அடுத்த வாரம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

போனோம். உள்ளே நுழைந்ததும் அம்மா நேராக ஒரு மெரந்தி மரத்திடம் போய்ப் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய கை சும்மா இருக்குமா? பட்டை எவ்வளவு தடிப்பு, கத்தி எவ்வளவு இறங்கலாம் என்று அது இன்னமும் கணக்குப் போடுகிறது. கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் கங்காணி வாயில் விழ வேண்டும்.

ஈயம் தோண்டிப் பாழாய்ப் போன நிலமாக இருந்த இடம் இது, 1920களின் கடைசியில் நட ஆரம்பித்தார்கள் என்றேன். நம்பவில்லை. "நட்ட மரத்தை இத்தனை வருசமா வெட்டாமலா விட்டானுங்க?" அவருக்குத் தெரிந்த மரத்துக்கு ஆயுள் இருபத்தைந்து, முப்பது வருடம்தான், பால் குறைந்ததும் சாய்த்துவிட்டு மறுநடவு. அவர் நிரையில் நின்ற பால்மரங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு. லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள்.

11 ஆகஸ்ட், திங்கள்

நேற்று எழுத விட்டது, காப்பூர் என்ற கற்பூர மரங்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடுவதில்லை, நடுவில் வாய்க்கால் வாய்க்காலாக வானம் தெரிகிறது. காற்றில் உரசி நுனி ஒடிவதால்தான் இப்படி என்பது ஒரு பேச்சு. 1977இல் இதே மரங்களை ஆராய்ந்த மலேசியத் தாவரவியலாளர் பிரான்சிஸ் இங் உரசலுக்கான அடையாளத்தைக் காணவில்லை. பக்கத்து இலைகள் நெருங்கும்போது வெளிச்சம் மாறுவதை உணர்ந்து நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது போலும் என்றார். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன்.

"லயத்துல நமக்கு இந்தப் புத்தி இருந்திருந்தா பாதிச் சண்டை வந்திருக்காது."

கீழே கிடந்த இலை ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தார். பூஜையறை வாசனை.

31 ஆகஸ்ட், மெர்டேக்கா (சுதந்திர தினம்)

அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் அங்கேதான். இறக்கை வைத்த விதை வேண்டும் என்று அடம்பிடித்தான், ஒன்றும் அகப்படவில்லை. மெரந்தி, காப்பூர் போன்ற இனம் வருடா வருடம் காய்க்காது, சில வருடங்களுக்கு ஒருமுறைதான் காடே சேர்ந்து பூக்கும். அவனைச் சமாதானப்படுத்த அம்மா ரப்பர் கொட்டைக் கதையை எடுத்தார்: வெயில் காலத்தில் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை தூரப் போய் விழுவது, அதைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்துப் பக்கத்துப் பையன் தொடையில் வைப்பது. சிரித்துவிட்டு, "ரப்பர் மரம் எப்படி இருக்கும் பாட்டி?" என்றான்.

தோட்டத்தில் பிறந்தவர்களின் பேரனுக்கு இந்தக் கேள்வி! நம் ஊரில் பத்து மரத்தையாவது விட்டுவைத்திருக்கலாம், யார் குடி முழுகியிருக்கும்? 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. தீபாவளிக்கு முன்னால் அங்கே போகலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், பால் கத்தியை எடுத்து வரக் கூடாது என்ற கண்டிஷனோடு.