சாரல் காலத்தில் சுவரேறிய ட்ரையர்

செங்கோட்டையில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் வெயில் வந்தால் வந்ததுதான். ஆரியங்காவு கணவாய் வழியாக மேகம் இறங்கிவிட்டால் காற்றும் தூறலுமாக நாள் முழுக்க நசநசவென்று இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். படுக்கையில் ஒரு ஆளை வைத்துப் பார்க்கிற எங்களுக்கு அது ஈரத்துணிக் காலம்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் மூன்று விரிப்பு, நாலு வேட்டி, துண்டுகள். போன வருடச் சாரலில் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், கொடி கட்டி, ஃபேன் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தும் பார்த்தேன். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரித்துப் படுக்க வைத்தால் குளிரும். அவர் முதுகில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியதும் டாக்டர் சொன்னது ஒன்றுதான்: ஈரம் ஆகாது. அன்றைக்கு ராத்திரியே துணி காயவைக்கிற ட்ரையர் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

புனலூரில் இருக்கிற மதினி வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து கட்டிய வீடு. அடுக்களைக்குப் பின்னால் 'வொர்க் ஏரியா' என்று ஒன்று விட்டிருப்பார்கள், அங்கே சுவரில் ஆள் மார்பு உயரத்தில் ட்ரையர் தொங்கும். ரயிலேறிப் போய் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் பின்கட்டில் தரையில் இடமில்லை. வாஷிங் மெஷினும் துவைக்கிற கல்லும் தொட்டியும் போக நடக்கத்தான் வழி. அதனால் நமக்கும் சுவர்தான் என்று தீர்மானித்தோம்.

மெஷின் 34 கிலோ. உள்ளே போடுகிற ஈரத்துணியோடு நாற்பதைத் தாண்டும். பொருத்த வந்த தம்பி நாலு ஆங்கர் போல்ட்டோடு வந்தான். இருபது நிமிடத்தில் நாலு ஓட்டை போட்டுவிட்டான். கீழ் இரண்டு போல்ட்டும் பிடித்தன. மேல் இரண்டையும் முறுக்க முறுக்க நட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவே இல்லை. "பரவாயில்லக்கா, கீழ் ரெண்டும் தாங்கிக்கும், மாட்டிருவோம்" என்றான். நான் போல்ட்டைக் கையால் பிடித்து இழுத்தேன். பொடியோடு கையில் வந்துவிட்டது. மாட்ட வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் வீட்டில் எல்லாருக்கும் என்மேல் கோபம். அதை இன்றைக்கும் சரியான முடிவாகத்தான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார் அண்ணாச்சி வந்துதான் சுவரைப் படித்துக் காட்டினார். முதலில் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். பூச்சு விட்டுப்போன இடம் டொப்பென்றது, மற்ற இடம் கெட்டியாகக் கேட்டது. பிறகு அந்தத் தம்பி போட்ட ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். கீழ் ஓட்டையில் சிவப்புப் பொடி, மேல் ஓட்டையில் வெள்ளைப் பொடி. "சிவப்புன்னா செங்கல், வெள்ளைன்னா சுண்ணாம்புக் காரை. மேல் ரெண்டும் நடுச் சந்துல விழுந்திருக்கு மைனி. இது உங்க தாத்தா காலத்துச் சுவர், சிமிண்டே கிடையாது" என்றார்.

ஆங்கர் போல்ட் முறுக்க முறுக்க உள்ளே விரிந்து, சுவரை நெருக்கித்தான் நிற்கும். கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். பழைய செங்கலும் காரையும் தாங்காமல் பொடிந்துவிடும். மதினி வீட்டில் பாதிச் சுவர் வெட்டுக்கல்தான், ஆனால் மேல் போல்ட்டுகள் வாசல், ஜன்னலுக்கு மேலே ஓடுகிற லிண்டல் கான்கிரீட்டில் ஏறியிருக்கின்றன. அதை நாங்கள் அங்கே பார்க்கும்போது கவனிக்கவில்லை. இன்னொன்றும் அண்ணாச்சி சொன்னார். சுவரில் தொங்குகிற பொருள் கீழே மட்டும் இழுக்காது, முன்பக்கம் சாயவும் பார்க்கும். நீட்டிய கையில் குடத்தைப் பிடித்தால் தோள் இழுபடுகிற மாதிரி. அந்த இழுப்பு முழுக்க மேல் போல்ட்டுக்குத்தான். எங்களுக்குப் போயிருந்தது அந்த இரண்டுதான்.

கடைசியில் செய்தது இது. ஒன்பது இஞ்சுச் சுவர், அதற்குப் பின்பக்கம் அரங்கு, அரிசி, சாமான் வைக்கிற உள்ளறை. சுவரில் முழுசாகத் துளை போட்டு, நீளம் முழுக்க மரை போட்ட 10 மில்லிமீட்டர் த்ரெட் ராடை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரை விட்டோம். அரங்குப் பக்கம் இரண்டடி நீளத்தில் கனமான இரும்புப் பட்டை இரண்டு. இந்தப் பக்கம் வெல்டிங் பட்டறையில் ஒன்றரை இஞ்சு எல் ஆங்கிளில் செய்த சட்டம். சுவரை நடுவில் வைத்து இரண்டையும் நட்டால் இறுக்கியாயிற்று. இப்போது சுவர் நெருக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, பாரம் பட்டை நீளத்துக்கும் பரவிவிடும். ரொம்பவும் முறுக்கக் கூடாது, செங்கல் நொறுங்கும். வாஷர் பதிந்து அசையாமல் நின்றதும் விட்டுவிட வேண்டும். ஈரம் நிற்கிற இடம் என்பதால் எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் அடித்தோம். கம்பெனி கொடுத்த பிராக்கெட்டை அந்தச் சட்டத்தில் பூட்டினோம்.

மெஷினை உடனே ஏற்றவில்லை. 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றைக் கயிறு போட்டுச் சட்டத்தில் தொங்கவிட்டோம். 75 கிலோ, தேவையைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. சட்டத்தின் மேல்விளிம்பில் பென்சிலால் சுவரில் கோடு போட்டுவிட்டு ஒரு ராத்திரி விட்டோம். காலையில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. வாஷிங் மெஷின் மாதிரி இது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றிச் சுவரை உதறுகிற வேலை கிடையாது, டிரம் மெதுவாகப் புரள்வதுதான். அந்த தைரியத்தில்தான் சுவரே சம்மதமானது.

உயரத்தில் ஒரு சிக்கல் வந்தது. வாஷிங் மெஷினுக்கு நேர் மேலே என்று நினைத்திருந்தோம். அது மேல்மூடி மெஷின், மூடி முழுக்கத் திறக்க இடம் விட்டால் ட்ரையர் கதவு என் தலைக்கு மேல் போய்விடுகிறது. அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்ததால் தெரிந்தது. துவைக்கிற கல்லுக்கு மேலே தள்ளி வைத்தோம். இப்போது என் கைக்கும் அத்தை கைக்கும் எட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் பஞ்சு வடிகட்டியை உருவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் எட்டுவது ரொம்ப முக்கியம்.

இது ஈரக்காற்றை வெளியே தள்ளுகிற வகை. குழாய் நாலு இஞ்சு. பிளம்பர் பி.வி.சி. பைப் போடலாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வருவது சூடான காற்று, கூடவே துணிப் பஞ்சு வரும், அந்தப் பஞ்சு சுலபமாகத் தீப்பிடிக்கும். அலுமினியக் குழாய்தான், வளைவு ஒன்றே ஒன்று, முடிந்தவரை குட்டையாக. மேற்குச் சுவரில் வாய் வைத்தால் சாரல் காற்று நேராக உள்ளே அடிக்கும், அதனால் கிழக்கே திருப்பினோம். வாயில் வலை போடவில்லை, பஞ்சு அடைத்துக்கொள்ளும். காற்று தள்ளும்போது மட்டும் திறக்கிற தட்டு போட்டிருக்கிறோம்.

கரண்ட் வேலை ஒரு நாள். மெஷின் 2000 வாட், அதற்குத் தனி வயர், 16 ஆம்பியர் பிளக், லோடு கூடினால் தானாக விழுகிற தனி எம்.சி.பி. சுவிட்ச். எலக்ட்ரீஷியன் சோதித்தபோதுதான் பின்கட்டில் எர்த் வயரே இணைக்காமல் கிடந்தது தெரிந்தது. எத்தனை வருடம் ஈரத்தரையில் நின்று அந்த வாஷிங் மெஷினைத் தொட்டிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. எர்த்தைச் சரிசெய்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டோம். இதில் காசு பார்க்காதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 3 யூனிட். தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 180 யூனிட் ஏறும். அதனால் வாஷிங் மெஷினில் வேகமான ஸ்பின் போட்டு நன்றாகப் பிழிந்த பிறகுதான் ட்ரையரில் போடுகிறேன். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் மொட்டைமாடிதான்.

முதல் விரிப்பை எடுத்துச் சூடு ஆறுமுன் மாமா கட்டிலில் விரித்தேன். பேச்சு வராது அவருக்கு. இடது கையால் விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அரங்குப் பக்கம் நட்டுக்கும் பட்டைக்கும் சேர்த்து அண்ணாச்சி வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும். மாதம் ஒருமுறை அரிசி எடுக்கப் போகும்போது டார்ச் அடித்துப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். நாலு கோடும் நேராக இருந்தன.