குதிகாலும் நோட்டுப் பையும்

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்ற யோசனைதான். வலது குதிகாலை ஊன்றினால், அடியிலிருந்து யாரோ ஆணி அடித்தது போல் இருக்கும். அதனால் விரல்நுனியில் நொண்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி குளியலறை வரை போவேன். பத்து நிமிடம் நடமாடினால் வலி மெல்ல அடங்கும். பள்ளியில் ஐந்தாறு பீரியடு நின்று முடித்ததும் திரும்ப ஆரம்பிக்கும். தினமும் கை பட்டுப் பட்டு, அந்தச் சுவரில் அழுக்குத் தடமே விழுந்துவிட்டது.

ஏழு மாதம் இப்படியே ஓட்டினேன். கணக்கு வாத்தியார் நான். உட்கார்ந்து பாடம் நடத்திப் பழக்கமில்லை. வைத்தியத்தையும் நானே பார்த்துக்கொண்டேன். நடைப்பயிற்சியை நிறுத்தினேன். மெத்தென்ற செருப்பு வாங்கினேன். குதிகால் தரையில் படாமல் பாதத்தின் வெளி ஓரத்தில் நடந்தேன், அதில் முழங்காலும் வலிக்கத் தொடங்கியது தனிக்கதை. எக்ஸ்ரே எடுத்தபோது குதிகால் எலும்பில் சின்னதாக ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தது. சரி, குத்துவது இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு பிசியோதெரபிஸ்டிடம். என் பழைய மாணவிகளின் வயதிருக்கும். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உறைக்குள் போட்டுவிட்டார். “வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இந்த முள் இருக்கு சார்” என்றார். பிறகு கட்டைவிரலால் குதிகாலின் அடியில், உட்பக்கமாக ஓர் இடத்தில் அழுத்தினார். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கால் பெருவிரலை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் மறுபடி அழுத்தினார். அது இன்னும் மோசம்.

பெயர் பிளாண்டார் ஃபேஷியைடிஸ். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. அது எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோயிருந்தது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொய்வதால் பட்டை தளர்ந்து சுருங்கிக் கிடக்கும். காலையில் எழுந்து முழு எடையையும் அதன் மேல் போட்டால் ஒரே இழுப்பாக இழுபடும். முதல் அடி ஏன் அப்படி வலித்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். இடது பாதம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தும் முழங்கால் தொட்டது. வலதில் 6 செ.மீ.யைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பக்கக் கெண்டைக்கால் அவ்வளவு இறுகியிருந்தது.

“ஓய்வு கொடுத்தே காலைச் சோம்பேறியாக்கிட்டீங்க சார். இனிமே அதுக்குப் பாரம் தூக்கப் பழக்கணும்” என்றார். வலிக்கிற காலில் பாரமா என்று நான் கேட்டதற்கு ஒரு சிரிப்புதான் பதில்.

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே செய்யவேண்டியது ஒன்று. வலது காலை இடது முழங்கால் மேல் போட்டு, விரல்கள் ஐந்தையும் கணுக்காலை நோக்கி இழுத்துப் பிடித்து 10 எண்ண வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. மறு கையால் உள்ளங்காலைத் தொட்டால், பட்டை கொடிக்கயிறு போல் விறைத்து நிற்பது தெரியும். தெரிந்தால்தான் சரியாக இழுக்கிறோம் என்று அர்த்தம்.

பெரிய வேலை படிக்கட்டில். ஒரு துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, குதிகால் படிக்கு வெளியே தொங்க நிற்க வேண்டும். 3 விநாடியில் மேலே எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்க வேண்டும். முதலில் இரண்டு காலில், அப்புறம் வலதில் மட்டும். பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். செய்யும்போது வலி பத்துக்கு 4 வரை போகலாம், ஆனால் மறுநாள் காலை முதல் அடியில் கூடியிருக்கக் கூடாது. இதுதான் விதி.

ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகாதா என்றும் கேட்டுப் பார்த்தேன். ஸ்டீராய்டு சில வாரம் வலியைக் குறைக்கலாம், ஆனால் பட்டையே கிழியும் ஆபத்தும் உண்டு, முதலில் இதைச் செய்து பார்ப்போம் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

தினமும் முதல் அடிக்கு மார்க் போட்டேன். வாத்தியார் புத்தி. முதல் வாரம் 8. மூன்றாவது வாரமும் 7-தான். துண்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆறாவது வாரம் 4. உடனே தலைக்கனம் வந்து, பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் உட்காராமல் சுற்றி வந்தேன். மறுநாள் 7. இனி நகரவே கூடாது என்று பயந்துபோய் நின்றவனிடம், சுற்றுகளை மட்டும் குறைக்கச் சொன்னார், நிறுத்த விடவில்லை. ஒரு வாரத்தில் பழைய மார்க்குக்குத் திரும்பியது.

இப்போது ஐந்தாவது மாதம். மார்க் பெரும்பாலும் 1, சில நாள் பூஜ்யம். ஒரு காலில் பன்னிரண்டு எளிதாகிவிட்டதால், முதுகில் பை மாட்டி அதில் புத்தகம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். புத்தகம் எதற்கு, எட்டாம் வகுப்பு நோட்டுகள் நாற்பது வீட்டில் திருத்தாமல் கிடக்கின்றன. சார் நோட்டை எப்போது தருவார் என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வாரம் எடையைக் கூட்டவேண்டுமாம். ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளையும் வாங்கி வைத்திருக்கிறேன்.