அப்புறம் என்ன ஆனார் சார்?

"தோள் பிடிச்சிருக்கு சார், வேற யாரையாவது போடச் சொல்லுங்க" என்று எங்கள் அணியில் பந்து போடுகிற பையன் வந்து நின்றபோது நான் வெரிட்டியின் கதையை எடுத்திருக்கக் கூடாது.

அந்தக் கால இங்கிலாந்துச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி, எங்கள் பையன்களுக்குப் பழகிய பெயர்தான். இடக்கைச் சுழல் போட வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்லிவிடுவேன்: 1932இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் 10 ரன்னுக்கு 10 விக்கெட், 1934 பிப்ரவரியில் நம்ம சேப்பாக்கத்திலேயே 49 ரன்னுக்கு 7. அன்று மட்டும் கிரிக்கெட்டை விட்டு, இரண்டாம் உலகப் போரில் அவர் சண்டையிட்ட இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய்விட்டேன். 1943 ஜூலை, கத்தானியா சமவெளி, இரவுத் தாக்குதல், சுற்றிலும் எரிகிற வயல். பிரிட்டிஷ் ராணுவத்தின் கிரீன் ஹவர்ட்ஸ் படைப்பிரிவின் கேப்டன் அவர். மார்பில் அடிபட்டு விழுந்த பிறகும் தன் ஆட்களை நிற்காமல் போகச் சொன்னார். கதையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

பந்தை வாங்கிக்கொண்டே கேட்டான், "அப்புறம் என்ன ஆனார் சார்?"

"ஜெயிச்சாங்க, போ."

ஜெயிக்கவில்லை. அந்தத் தாக்குதல் பலிக்காமல், அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். ஜெர்மானியர்களிடம் கைதியாகி, ஜூலை 31 அன்று இத்தாலியில் கசெர்த்தாவில் இறந்தார். வயது 38. எனக்கு அப்போதே தெரியும்.

ஆறு ஓவர் போட்டான். ஆட்டம் எங்களுக்குத்தான். அடுத்த ஐந்து மாதம் அவன் பந்தைத் தொடவில்லை.

"இது ஒரே நாளில் வந்த வலி இல்லை" என்றார் பிசியோ. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன். கட்டாயப்படுத்தவில்லையே, கதைதானே சொன்னேன்? வெரிட்டியையும் யாரும் பிடித்துத் தள்ளவில்லை. 1938லேயே போர் வரும் என்று கணித்து ராணுவப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கியவர். போலந்துக்குள் ஜெர்மனி நுழைந்த 1939 செப்டம்பர் 1 அன்று, ஹோவ் மைதானத்தில் 9 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். அதுதான் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டியான கவுண்டியில் அவருடைய கடைசி ஆட்டம். பிறகு படையில் சேர்ந்தார். எல்லாம் தெரிந்தே போனவர்.

என் வாதம் இடிப்பதும் அங்கேதான். அவருக்கு அப்போது 34 வயது. இவனுக்கு 15. போட முடியாது என்று சொல்லத்தானே என்னிடம் வந்தான்?

இப்போது திரும்பிவிட்டான். கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, பந்து முன்போல எழும்பவில்லை. நாலு ஓவர் முடிந்ததும் கூப்பிட்டு, "வலி ஏதாவது..." என்று ஆரம்பிப்பேன். நான் முடிப்பதற்குள் "இல்ல சார்" என்கிறான்.