பொங்கல் டிரெய்லர்: மூன்றாவது வெட்டு வரைக்கும்

போனில் எடுத்துவரும் இந்த நகைச்சுவை டிரெய்லரின் கதை ஒரு வரிதான். பொங்கலுக்கு ஊர் திரும்பிய பங்காளிகள், ஒரே வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) புள்ளிக்கு, அதாவது மணமான தம்பதிக்கு, ஒரு பானை வைக்கிறார்கள். யார் பானை முதலில் பொங்கும்? இதைத் துப்பறியும் படம்போல முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்ல வேண்டும். நடிப்பவர் சிரித்துவிட்டால் பார்ப்பவர் சிரிக்கமாட்டார். இடம் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. பலருக்குப் பங்குள்ள வீட்டில் படமெடுக்க ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது, எல்லாரிடமும் கேட்டாக வேண்டும். (கதையே அதுதான்.)

போனில் நொடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர் (ஒரு பிரேம் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி. பிளாக்மேஜிக் கேமரா செயலியில் இரண்டையும் பூட்டிவிடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். 30 பிரேம், 1/60 என்று விட்டால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

உச்சிவேளையில் வளவின் நடுவில் வெயில் கொட்டும், சுற்றுத் தாழ்வாரம் கறுத்துப்போகும். எட்டு முழ வேட்டி இரண்டைத் தைத்து, திறப்புக்குக் குறுக்கே கயிற்றில் கட்டினால் முகத்தில் நிழல் மிருதுவாகும். வெள்ளைக் கரை வேட்டியாக இருக்கட்டும். தரையில் பதித்த ஆத்தங்குடி ஓடு கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பது, அதனால் பளபளக்கும். கேமராவைத் தாழ்த்தினால் ஒளி வைத்தவரும் தரையில் தெரிவார். டிரைபாட் காலுக்குத் துணி சுற்றாவிட்டால் ஓட்டில் கீறல் விழும்.

அதிக நேரம் தின்றது பானை பொங்கும் ஷாட். மூன்று லிட்டர் வெண்கலப் பானை, ஒரு லிட்டர் பால், ஒரு லிட்டர் தண்ணீர். முழுப் பாலாக ஊற்றினால் அடிபிடித்து, கருகல் வாசத்தில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். பாலைத் தனியாகக் கேஸில் சுடவைத்து ஊற்றினால் விறகு அடுப்பில் காத்திருக்கும் நேரம் பாதியாகும். வாய் குறுகிய பானையில்தான் நுரை நிமிர்ந்து எழும். ஒருமுறை வழிந்தால் விளிம்பில் பழுப்புக் கோடு விழும், பானையில் இட்ட கோலம் கரையும், மஞ்சள் கொத்து வாடும். எனவே நான்கு கொத்து, ஈரத்துணி, கரைத்த சுண்ணாம்பு பக்கத்தில் இருக்க வேண்டும். ஆவி தெரிய, வெயில் பானைக்குப் பின்னாலிருந்தும் பின்புலம் இருட்டாகவும் வரவேண்டும். 100 பிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாக வழியும். வெள்ளைச் சுவருக்கு அருகே அடுப்பு மூட்டக் கூடாது, கரி ஏறினால் போகாது.

ஒலி: வளவில் ஒரு கை தட்டினால் எதிரொலி இழுத்துக்கொண்டே போகும். வசனத்துக்கு மைக்கைச் சட்டைக்குள் வைத்து, கேமராவுக்குப் பின்னால் ஜமுக்காளம் தொங்கவிட வேண்டும். பின்னணிக் குரலை நிறுத்திவைத்த காருக்குள் பதிவு செய்தால் சுத்தமாக வரும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் சத்தத்தைத் தனியாக எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில். டைம்லைனில் 25 பிரேம் என்று முதலிலேயே வைக்க வேண்டும், கிளிப் ஏற்றியபின் மாற்றவிடாது. வேறு போனின் சாதாரண கேமராவில் எடுத்தவை மாறும் பிரேம் வேகத்தில் இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றாவிட்டால் உதடும் குரலும் விலகும்.

முதல் வெட்டு (எடிட் செய்த வடிவம்) 2 நிமிடம் 10 நொடி, இப்போது 1 நிமிடம் 28 நொடி. சிரிப்பு பிறக்கும் இடம் ஒன்றே: இசை உச்சத்தில் தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்து எல்லாம் நிற்கிறது. 14 பிரேம் மௌனம். பிறகு, “ஆச்சி, அடுப்பே பத்தவைக்கலையே!” 8 பிரேமில் வசனம் மௌனத்தை விழுங்கிவிடுகிறது, 20-இல் பிழைபோலத் தோன்றுகிறது. தாழ்ப்பாள் இல்லாமல் இசையை மட்டும் அறுத்தால், கோப்பு கெட்டுவிட்டதோ என்று பார்ப்பவர் நினைக்கிறார்.

மீதி: தலைப்பு எழுத்து, ஒலி அளவை மைனஸ் 14 LUFS-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அளவு) கொண்டுவருவது, மறுபடி ஒரு லிட்டர் பால்.